பகல் ஒன்று நாற்பது

பல்லி ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நிறுத்திக்கொண்டதைப் போன்ற சத்தம் அது. கேமராச் சத்தத்தை எல்லோரும் ‘க்ளிக்’ என்றே எழுதுகிறார்கள். அப்பாவின் பெட்டிக் கேமரா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ‘ட்ச’ என்று, இரக்கப்படுகிறவர்கள் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பதுபோல, கரூர் வீட்டு அடுக்களையில் ஒரு மத்தியானம் அது கேட்டது. தரையில் கால்நீட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள். தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காத கூந்தல், கறை படுமே என்று கட்டிக்கொண்ட பழம்புடவை, அதுவும் தோள்பட்டையில் கிழிசல். “என்னங்க, என்னையா எடுத்தீங்க?” என்றாள். “வெளிச்சத்தை எடுத்தேன்” என்றார் அப்பா. அது பொய் இல்லை என்பதுதான், இந்த அறுபத்திரண்டு வயசில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பதினொரு மணிக் கூட்டத்துக்காகக் கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டு நிற்கும் தமயந்திக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. புகைக்கூண்டு வழியாக ஒரு சாய்ந்த வெளிச்சம் இறங்கியிருந்தது. அப்பா அதைத்தான் எடுத்தார். அம்மா அதற்குள் இருந்தாள், அவ்வளவுதான். ஒரு வாரப் பத்திரிகையின் வாசகர் போட்டிக்கு அனுப்பினார். பரிசு வந்தது. முழுப்பக்கம் போட்டு, கீழே ‘இல்லாமை’ என்று தலைப்பு அச்சடித்திருந்தார்கள். தலைப்பை வைத்தது அப்பாவா பத்திரிகைக்காரர்களா என்று வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு நாச்சாயி அக்கா ஒரு படி அரிசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நில அளவை அலுவலகத்துத் தலைமை எழுத்தரின் மனைவியான அம்மா அந்த அரிசியை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, தனியாக உலை வைத்து, ராத்திரி அப்பாவின் இலையில் மட்டும் அதைப் பரிமாறினாள். அப்பா சாப்பிட்டார். அதற்கப்புறம் பீரோவிலிருந்து கேமராவின் தோல் உறை இறங்கும் சத்தம் கேட்டாலே அம்மா கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி, குப்பைக்கூடையில் போடாமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தாள் தமயந்தி. தான் அப்பாவைப் போல இல்லை என்று எத்தனை முறை நினைத்திருப்பாள். அப்பா ஆட்களை எடுத்தார். அவள் பொருள்களை எடுத்தாள். தினம் ஒரு படம். மகள் பூர்ணிமா மெல்போர்னிலிருந்து வந்து வாங்கிக்கொடுத்துவிட்டுப் போன இந்தப் பத்தாவது மாடி வீட்டில், கணவர் இறந்த பிறகு வந்த முதல் மழைக்காலத்தில், பால்கனியில் காயவைத்த குடையின் கம்பி நுனிகளில் வரிசையாகத் தொங்கிய சொட்டுகளைப் போனில் எடுத்து, குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் ‘இன்றைய படம்’ என்று போட்டாள். தண்ணி லாரி வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, யாரோ நாயை மேயவிடுகிறார்கள் என்பதற்கு நடுவே அந்தக் குடை கிடந்தது. பத்தொன்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். பத்தொன்பது. முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், முதலில் வெளியூர் இணைப்புக் கொடுக்கும் டிரங்க் பிரிவிலும் பிறகு விசாரணைப் பிரிவிலும், முகமில்லாத குரலாகவே காலம் தள்ளியவளுக்கு, முகமில்லாமலே பத்தொன்பது இதயம். அன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஒருநாளும் தவறவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட மாத்திரை அட்டையின் காலிக் குழிகளை எடுத்துப் போட்டாள். சி பிளாக் வேதாசலம் ஒருவர்தான் இதுவரை ஒரு இதயமும் போட்டதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் விடிகாலையில் போய் முழங்கை நீள லென்ஸை மாட்டிக்கொண்டு நாரைகளை எடுக்கிறவர். ஒருமுறை லிஃப்டில், “போன்ல இப்ப யார் வேணும்னாலும் எடுக்கலாம், அதுவே எல்லாத்தையும் சரிபண்ணிக் குடுத்துடுது” என்றார், அவளைப் பார்க்காமல், மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு. அதை அவள் மறக்கவில்லை. மறக்க வேண்டியதையெல்லாம் மறக்காமல் வைத்துக்கொண்டு, மறக்கக் கூடாததை, ஒரு பொம்பளை தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்ற அற்ப விஷயத்தை, வியாழக்கிழமை எப்படி மறந்தாள்? மறக்கவில்லை. பார்த்தாள். லிஃப்டுக்குப் பின்னால் இருக்கும் அவசரப் படிக்கட்டில் சிமென்ட் ஜாலி வழியாகக் கார்த்திகை மாசச் சாய்வு வெயில் ஆறாவது மாடித் திருப்பத்தில் கட்டம் கட்டமாக விழுவதை ஒரு வாரமாகக் குறித்து வைத்திருந்தாள். சரியான நேரத்துக்குப் போனால், அந்தக் கட்டங்களுக்குள்ளேயே ஹவுஸ்கீப்பிங் தேசம்மா படுத்திருக்கிறாள். நீலக் கோட்டு, தலைக்குச் சுருட்டி வைத்த தரைதுடைக்கும் துணி, சுவரில் சாய்த்த மாப்பின் நிழல் அவள் மேல் ஒரு கோடு, நெற்றியில் ஒரு கட்டம், திறந்த வாயில் ஒரு கட்டம், மார்பில் கோத்த கைகளில் ஒன்று. ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. எழுந்துவிடுவாளோ என்றுதான் தோன்றியது. பதினொரு படம் எடுத்தாள். போனில் சத்தத்தை முன்பே அணைத்து வைத்திருந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. படம் எடுத்தது பரவாயில்லை, சாயங்காலம் குழுவில் போட்டதுகூடப் பரவாயில்லை, ‘நண்பகல்’ என்று தலைப்பு வைத்ததுகூட. எல்லாவற்றையும் பரவாயில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அந்தப் பதிலில் வந்து கால் தட்டியது. அறுபத்தேழு இதயம் விழுந்த பிறகு அசோசியேஷன் செயலாளர் ரகோத்தமன் கேட்டார்: ‘அருமை மேடம். எந்த பிளாக் இது?’ அவருக்கும் கண் இருக்கிறது, அவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தாள். நினைத்ததும் உள்ளே ஏதோ குளிர்ந்தது. யாரும் கேட்காத கேள்வி. படம் எடுக்கிற எவரும் இன்னொருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருக்கிற கேள்வி. ‘பி பிளாக், ஆறாவது மாடி, அவசரப் படிக்கட்டு. சரியாகப் பகல் 1.40க்கு அந்த வெளிச்சம் வரும். பத்து நிமிஷம்தான் இருக்கும். இன்றைக்கு எடுத்தது’ என்று எழுதினாள். எழுதிவிட்டு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வேறு பார்த்தாள். பிளாக், மாடி, மணி, தேதி. போலீஸ்காரன்கூட இத்தனை சுத்தமாக எழுதியிருக்க மாட்டான். ரகோத்தமன் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார். பத்தாவது நிமிஷம் இன்னொன்று எழுதினார்: ‘ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களின் உணவு இடைவேளை 12.30 முதல் 1.15 வரை என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். மெயின்டனன்ஸ் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று கேட்டவர்களுக்கு மேடத்தின் படமே பதில்.’ அதற்கு எண்பது பேர் இதயம் போட்டார்கள். அவளுக்குப் போட்டதைவிட அதிகம். அவளுடைய கண் முதலில் போய் நின்றது அந்த எண்ணிக்கையில்தான் என்பதை இப்போது, சுருட்டிய முடியைக் கடைசியில் குப்பையில் போடும்போது, ஒத்துக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் தேசம்மா வந்தாள். மணியை அடிக்காமல் கதவை விரலால் தட்டினாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை; செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். “எம்மா, நீ எடுத்தியாமே, காட்டு” என்றாள். தமயந்தி காட்டினாள். தேசம்மா போனைக் கையில் வாங்காமல், கோட்டில் கையைத் துடைத்துவிட்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் கீறேன். வாயத்தான் தொறந்துனு கீறேன். ஈ பூந்துக்கும்” என்றாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்புக்குத் தமயந்தி தயாராக இருக்கவில்லை. திட்டுக்குத் தயாராக இருந்தாள், அழுகைக்குக்கூட. “எடுக்கறப்ப எழுப்பியிருக்கலாமில்லம்மா? எழுந்து போயிருப்பேன். அன்னிக்கு சுகுணா வரலை. ரெண்டு பிளாக்கும் நானே தள்ளுனேன். எட்டாவது மாடில பைப்பு ஒடச்சிக்கினு தண்ணி. அதத் தள்ளிட்டு வர்றதுக்கே ஒண்ணே கால் ஆயிடுச்சி. சோறு துன்னதே அப்பறம்தான். அந்த மேனேஜர் கையில சொன்னா, நோட்டுல எழுதலைன்றான். நோட்ட நானா எழுதுறேன்?” “உக்காந்து சாப்பிட ஒரு ரூம்கூட இல்லையா தேசம்மா?” என்று தமயந்தி கேட்டாள், இரண்டு வருஷமாக இங்கே இருந்துகொண்டு இப்போது கேட்டாள். “கீதே. ஆம்பள செக்யூரிட்டிங்க துணி மாத்துற ரூம்பு. நீ போய் அங்க துன்னுவியா?” என்றாள் தேசம்மா, சண்டைக்கில்லை, சும்மா கேட்பதுபோல. பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். நாளைக்குக் கமிட்டி கூடுகிறது. தன்னை நிறுத்துவதா வேண்டாமா என்று பேசப்போகிறார்கள். கண்ணகி நகரிலிருந்து நடந்து வந்துபோகிற தூரத்தில் இது ஒன்றுதான் வேலை. மகளுக்கு ஏழு மாசம், தலைப்பிரசவம், அவளைத் தனியாக விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்துக்குப் போக முடியாது. “நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. படம் உன்னிதுதானே?” தமயந்தி சொல்கிறேன் என்றாள். கண்டிப்பாகவா என்று தேசம்மா கேட்கவில்லை. படியிறங்கப் போனவள் திரும்பி, “எம்மவளுக்கு அந்தப் படத்த அனுப்பும்மா. எங்கம்மா எப்பப் பாத்தாலும் நின்னுக்கினே கீதுன்னு சொல்வா” என்று ஒரு நம்பரைச் சொன்னாள். தமயந்தி குறித்துக்கொண்டாள். அனுப்பவில்லை. அனுப்பினால் அதுவும் ஒரு சாட்சி ஆகிவிடும் என்று பயம். என்ன சாட்சி, யாருக்கு, என்றெல்லாம் அந்தப் பயம் விளக்கவில்லை.

பத்தே கால். ரவிக்கையின் கொக்கி ஒன்று மாட்டவில்லை. விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பொய் ஒன்று தயாராக இருந்தது. விடிந்ததிலிருந்து அதைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். அது போன வருஷப் படம் என்று சொன்னால், அன்றே எடுத்தது என்று அவளே எழுதியிருக்கிறாள். படுத்திருப்பது தேசம்மாவே இல்லை என்றால் யார் நம்புவார்கள். நல்ல பொய் ஒன்றே ஒன்றுதான்: நான்தான் படுக்கச் சொன்னேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, அந்த வழியாக வந்தவளைக் கூப்பிட்டு, ஐந்து நிமிஷம் தூங்குவதுபோலப் படுத்துக்கொள் என்றேன், அவள் முடியாது என்றாள், நான் கெஞ்சினேன், தப்பு என்னுடையது. நான்தான் படுக்கச் சொன்னேன். மூன்றே வார்த்தை. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் மூன்று நிமிஷம் ஆனதும் ‘டைம் ஆச்சு’ என்று குறுக்கே புகுந்து இணைப்பை வெட்டுவது அவள் வேலை. யார் செத்த செய்தியானாலும், யார் பிறந்த செய்தியானாலும். அதைச் சொல்ல நா கூசியதே இல்லை. இந்த மூன்று வார்த்தை ஏன் கூசுகிறது? கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நான்தான் படுக்கச் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது, நம்பும்படியாக இருந்தது. அதனால்தான் கசந்தது. நம்பிவிடுவார்கள். இனி அவள் போடும் ஒவ்வொரு படத்தையும் இதுவும் வைத்து எடுத்ததுதானோ என்று பார்ப்பார்கள். குடைச் சொட்டு, மாத்திரை அட்டை, நானூற்றுப் பன்னிரண்டு நாளும். ச்சீ என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். ஒருத்திக்கு வேலை போகிறது. உனக்குக் குடைச் சொட்டு. போன் அடித்தது. பூர்ணிமா. “அம்மா, குரூப்ல பாத்தேன். நீ மீட்டிங்குக்கெல்லாம் போகாத. உனக்கு எதுக்கு வம்பு? அந்த ரகோத்தமன் அங்கிள்தான் உனக்கு பிளம்பர்லேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் பாக்கறார். நான் இங்க இருந்துக்கிட்டு என்ன பண்ணுவேன், சொல்லு.” “நான் ஒரு வார்த்தைதான் சொல்லப்போறேன்.” “அதான் எதுக்குங்கறேன். காலண்டர் வேற போடறாங்க, உன் படமெல்லாம் வெச்சு. ஆசையா இருந்தியே.” இருந்தாள். பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு படம், இருநூற்று நாற்பது வீட்டுச் சுவரிலும். போன வாரம்தான் ரகோத்தமன் சொன்னார். வியாழக்கிழமைப் படத்தை எடுத்தபோதே, இது மே மாசத்துக்கு என்று அவள் மனசுக்குள் ஒரு குரல் சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. “சாப்பிட்டியாடி?” என்று கேட்டு வைத்துவிட்டாள்.

லிஃப்டில் ஏறவில்லை. அவசரப் படிக்கட்டில் இறங்கினாள், முட்டிவலியோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. காலை வெயில் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆறாவது மாடித் திருப்பம் சாம்பலாக, ஈரமாக இருந்தது. வெளிச்சம் இல்லாதபோது அது படுக்கிற இடமே இல்லை. மூலையில் வெற்றிலைக் கறை, சுவரில் ஒரு கரப்பான், சுண்ணாம்பு உதிர்ந்த தரை. இங்கேயா படுத்திருந்தாள்? படத்தில் இது கோயில் பிராகாரம்போல இருந்ததே. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. எதையெல்லாம் விட்டுவிட்டு எடுத்திருக்கிறாள். கறையைச் சட்டத்துக்கு வெளியே தள்ள அரை அடி இடப்பக்கம் நகர்ந்தது நினைவுக்கு வந்தது. அது பொய் இல்லையா, அப்படியென்றால்? அது பொய் என்றால் இன்னொரு பொய்க்கு என்ன குறைச்சல்? இந்த யோசனை அவளுக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது. நான்தான் படுக்கச் சொன்னேன், நான்தான் படுக்கச் சொன்னேன் என்று படிக்கு ஒரு தடவையாக இறங்கினாள். கீழே வரும்போது அது நடந்ததே அப்படித்தான் என்று ஆகியிருந்தது. தேசம்மா முடியாது என்று சொல்வதும், தான் கெஞ்சுவதும் கண்ணெதிரே தெரிந்தன. கிளப் ஹவுஸ் வாசலில் தேசம்மா நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கு நீலக் கோட்டு இல்லை. மாம்பழக் கலரில் ஒரு புடவை, தலையில் பூ. நல்ல காரியத்துக்கு வந்தவளைப்போல உடுத்தியிருந்தாள். தமயந்தி அவள் தோளைத் தொட்டு, “நான் பாத்துக்கறேன்” என்றாள். அதையும் சொன்னாள்.

உள்ளே ஏசியின் குளிரில் நீள மேஜையைச் சுற்றிக் கமிட்டியின் ஏழு பேர், கோடியில் சி பிளாக் வேதாசலம். ரகோத்தமன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “மேடம் வந்ததே பெரிசு. உங்களை ஒண்ணும் சங்கடப்படுத்த மாட்டோம். நேரம் மட்டும் சொல்லிடுங்க, மினிட்ஸ்ல எழுதிக்கறேன்.” சுவரில் இருந்த பெரிய டிவித் திரையில் படத்தைப் போட்டிருந்தார்கள். இவ்வளவு பெரிதாக அவள் அதைப் பார்த்ததில்லை. தேசம்மாவின் கீழுதட்டில் இருந்த வெடிப்புகூடத் தெரிந்தது. ஜாலியின் நிழல் ஓரத்தில் கரைந்து, மணிக்கட்டின் கறுப்பு நூலில் ஏறி இறங்கிய விதம். அடடா என்று உள்ளே ஒன்று எழுந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்தாள். நான்தான், என்று தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் மேஜையின் கோடியிலிருந்து வேதாசலம், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையைப் பார்த்துச் சொன்னார்: “ரகோத்தமன், ஒரு நிமிஷம். இதை வெச்சு ஒரு ஆளை எப்படி நிறுத்துவீங்க? பாத்தாலே தெரியுதே, படுக்க வெச்சு எடுத்தது. தூங்கறவ இப்படியா அழகாக் கையைக் கோத்துக்குவா? வெளிச்சத்தையும் போன்ல ஏத்தி விட்டிருக்காங்க. போட்டோகிராபி தெரிஞ்சவன் யாரும் இதை நிஜம்னு சொல்ல மாட்டான்.” ரகோத்தமன் பேனாவை மூடினார். “அப்படியா மேடம்? நீங்க சொல்லித்தான் படுத்தாளா?” என்றார். குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. வம்பு இல்லாமல் முடிந்தால் அவருக்கும் நல்லதுதான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தேசம்மா முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து உள்ளே பார்த்தாள். தலையை ஆட்டினால் போதும். பத்து மாடி இறங்கி வந்து சொல்ல நினைத்ததை வேறொருத்தர் வாயாலேயே சொல்லியாயிற்று. ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். ம் என்றால் போதும். தமயந்தி திரையைப் பார்த்தாள். வேதாசலத்தைப் பார்த்தாள். அவர் லிஃப்டில் மாடி எண்களைப் பார்த்த அதே பார்வையில் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் ஒரு சின்ன வளைவு. அவளுக்குக் காது சுட்டது. “நான் யாரையும் படுக்க வெச்சு எடுக்கறதில்லை சார்” என்றாள். சொன்ன குரல் எக்ஸ்சேஞ்சில் பேசின குரலாக, சுத்தமாக, எழுத்து எழுத்தாக இருந்தது. “போன்ல எதையும் ஏத்தவும் இல்லை. அந்த வெளிச்சம் அங்க தானா வரும். யாருக்குச் சந்தேகமோ அவங்க வந்து பாக்கலாம். ஒண்ணு நாப்பதுக்கு.” ஏசி ஒருமுறை நின்று மறுபடி ஓடியது. வேதாசலம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, முதல்தடவையாக அவளை நேராகப் பார்த்து, “அப்படின்னா நல்ல படம்” என்றார். ரகோத்தமன் பேனாவைத் திறந்து, ஒன்று நாற்பது என்று எழுதிக்கொண்டார்.

தேசம்மாவை அன்று மத்தியானமே நிறுத்திவிட்டார்கள். இப்போது துரைப்பாக்கம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறாள். முகூர்த்த நாட்களில் மட்டும் கூப்பிடுகிறார்கள். மார்கழி முழுவதும் வேலை இல்லை.